டிரம்பெட்காரியின் இரண்டு முன்பற்கள்

அவளுக்குப் பீப்பி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். மூன்று வயதில் பொம்மைக் கடையில் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் ஊதலை அவள் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயிலிருந்து எடுப்பாள். தூங்கும்போதுகூட அது ஈனசுரத்தில் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பிறகு பள்ளிக்கூடத்து பேண்டில் நிஜ டிரம்பெட் கைக்கு வந்தது. அதன் பிறகு நகரத்து பேண்டில் டிரம்பெட்காரர்களில் தலைமை ஆளுக்கான முதல் நாற்காலியும் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிற அளவுக்கு வளர்ந்த பிறகும் வீட்டில் அவள் பீப்பிதான்.

பகலில் அவளுக்குப் பெயிண்ட் கடையில் வேலை. வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியை நீட்டி, "இந்தக் கலர் வேணும்" என்றால், இயந்திரத்தைத் தட்டுவதற்கு முன்பே எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று பாதி சொல்லிவிடுவாள். சாயங்காலம் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் ஒத்திகை. பூங்கா மேடையில் வருடா வருடம் நடக்கும் முதல் கச்சேரியை அவளுடைய டிரம்பெட்தான் தனியாகத் தொடங்கி வைக்கும். மெல்ல ஏறி, ஏறி, கடைசியில் ஓர் உச்ச சுரத்தில் போய் நிற்கும். அந்தச் சுரத்தில் அவள் நிற்கிறபோது அண்ணனுக்கு உள்ளங்கால் வரை சிலிர்க்கும்.

அண்ணனுக்குச் சுவரில் சாமான் மாட்டுகிற வேலை. டிவி, அலமாரி, கண்ணாடி, திரைக்கம்பி, எதுவானாலும் அவன் மாட்டினால் மாட்டினதுதான். காதில் பென்சில், சட்டைப் பையில் சின்ன ரசமட்டம். ஓட்டை போடுவதற்கு முன்னால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பான், உள்ளே வயர் ஓடுகிறதா, குழாய் போகிறதா என்று. "சுவத்துக்கே ஜோசியம் பாக்கிற ஒரே ஆளு என் வீட்டுக்காரர்தான்" என்று அண்ணி சொல்வாள்.

ஒரு மாலை, ஒத்திகைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள் பீப்பி. ஓரமாக நின்ற காரில் யாரோ படக்கென்று கதவைத் திறந்தார்கள். விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள். அவளோ இரண்டு கையாலும் டிரம்பெட் பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தால் ஊன்றினாள். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டில் ஒன்று தெறித்துச் சாலையில் விழ, அதன் மேல் பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. இன்னொன்று வேரோடு முறிந்துபோனதால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அலறியடித்துக்கொண்டு போன அண்ணனிடம் வாயில் பஞ்சோடு அவள் கேட்ட முதல் கேள்வி, "பெட்டியத் திறந்து பாத்தியா? நசுங்கலையே?"

"அடியே, வாயைப் பாருடி முதல்ல!"

"வாய்க்கு என்ன, இருக்கு. பெட்டியத் திற."

டிரம்பெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காயம் ஆறியதும் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று கொடுத்தார்கள். பேசினால் யாருக்கும் தெரியாது. ஆனால் டிரம்பெட் ஊதுகிறவர்களுக்கு உதட்டுக்குப் பின்னால் முன்பல் அசையாமல் நிற்க வேண்டும். டிரம்பெட்டின் வாய்வளையம் உதட்டை அழுத்த, அந்த அழுத்தத்தைத் தாங்குவது பல்தான். அவள் ஒத்திகையில் முதல் மூச்சை விட்டதுமே செட் கழன்று நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. மறுபடி முயன்றபோது உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

பேண்ட் மாஸ்டர் கண்டிப்பான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் நாற்காலிய நான் யாருக்கும் தரலம்மா. அடுத்த பூங்கா கச்சேரி வரைக்கும் காலியாவே கிடக்கட்டும். ஆனா அதுக்கப்புறமும் காலியாப் போட்டா மத்த பசங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"அதுக்குள்ள வந்துடுவேன் மாஸ்டர்."

"வந்தா மட்டும் போதாது. அந்த உச்சத்துல நிக்கணும்."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தான். அவன் பென்சிலைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொல்கிறவர். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, இரண்டு பக்கத்திலும் இருக்கிற நல்ல பல்லைச் செதுக்கி, அவற்றின் மேல் பாலம் மாதிரி ஒட்டுவது. இன்னொன்று, தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் பல் பொருத்துவது.

"நல்ல பல்லை எதுக்குச் செதுக்கணும்?" என்றாள் பீப்பி.

அண்ணன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். "டாக்டர், இது நம்ம சுவத்து ஓட்டையில ரால்பிளக் அடிச்சு ஸ்க்ரூ முடுக்குற மாதிரிதானே?"

"அண்ணா, நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

"இதே வேலைதான் டாக்டர். நீங்க வாயில, நான் சுவத்துல."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பாதி சரி. ஆனா நீங்க ஸ்க்ரூ போட்டா சுவரு சும்மா நிக்கும். எலும்பு சும்மா நிக்காது. கொஞ்ச மாசத்துல அந்தத் திருகு மேலேயே வளர்ந்து, அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் நீங்களே வந்து இழுத்தாலும் வராது."

"சுவரே ஸ்க்ரூவைப் பிடிச்சுக்குமா!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அவன் எந்த வீட்டில் அலமாரி மாட்டப் போனாலும் வீட்டுக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் தப்ப முடியவில்லை.

ஸ்கேன் எடுக்கிற அறையில் பீப்பி ஒரு குச்சியைக் கடித்தபடி நிற்க, இயந்திரம் அவள் தலையை ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு திரையில் அவளுடைய தாடை ரொட்டித் துண்டு போலச் சீவல் சீவலாக வந்தது. டாக்டர் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

"இது மூக்கோட தரை. இதைத் தாண்டக் கூடாது. நடுவுல இந்தக் கறுப்பு இருக்கே, நரம்பு வர்ற குழாய்."

"வயர் போற இடம்!" என்றான் அண்ணன்.

"அதேதான். நீங்க தட்டிப் பாக்கிறீங்க, நாங்க படம் எடுத்துப் பாக்கிறோம். இப்போ இந்த முன்பக்கத்தைப் பாருங்க. பல் போனதும் இங்க எலும்பு கரைய ஆரம்பிச்சிடும். ரொம்ப மெலிசா இருக்கு. இப்படியே திருகு போட்டா முன்னால வெளிய தெரியும்."

அண்ணன் திரைக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான். மெலிந்த சுவர் என்றால் அவன் வேலையையே ஒத்துக்கொள்ள மாட்டான்.

"கவலைப்படாதீங்க. முதல்ல எலும்புத் தூள் வெச்சு, அதுமேல ஒரு மெல்லிய சவ்வு போட்டு, ஈறைத் தைச்சிடுவோம். இவங்க சொந்த எலும்பு வந்து அந்த இடத்தை நிரப்பிக்கும். அப்புறம் திருகு."

"அப்போ சுவரையே நீங்க கட்டிக்குவீங்களா?"

"இவங்க உடம்பு கட்டிக்கும். நாங்க சாரம் கட்டிக் குடுக்கிறது மட்டும்தான்."

அந்த வேலை முடிந்து, எலும்பு நிரம்பும் வரை காத்திருந்தார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது மெலிந்த இடம் தடித்திருந்தது. அண்ணன் அந்தத் திரையைக் கைபேசியில் படம் பிடித்து அண்ணிக்கு அனுப்பினான். "அழகா இருக்கா, யார் இது?" என்று அண்ணி பதில் அனுப்பினாள்.

திருகு போடுவதற்கு முன்னால் டாக்டர் செய்த காரியம் அண்ணனை அசத்திவிட்டது. அவர் முதலில் திருகைப் பற்றி யோசிக்கவே இல்லை. வாயின் உள்பக்கத்தை ஒரு பேனா கேமராவால் தடவித் திரையில் கொண்டுவந்து, புதுப் பற்கள் எங்கே, எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று முதலில் வரைந்தார். அந்தப் பல்லுக்கு ஏற்ற மாதிரிதான் திருகின் இடமும் சாய்வும்.

"அலமாரிய வெச்சுப் பாத்துட்டுத்தான் ஓட்டைக்குக் குறி போடணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்று தங்கையின் பக்கம் திரும்பினான், ஏதோ அவள்தான் மறுத்துப் பேசியது போல.

"உங்க பழைய பல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர். "இல்ல, நேரா, வரிசையா அழகா வெச்சிடலாமா?"

"வேண்டாம் டாக்டர். ஒரு பல் இன்னொண்ணு மேல கொஞ்சம் ஏறியிருக்கும். ஊதறப்போ அந்த மேட்டுலதான் என் உதடு உக்காரும். பத்து வயசுலேர்ந்து பழகின இடம். அதே கோணல்தான் வேணும்."

"எல்லாரும் கோணலை நேராக்கச் சொல்லித்தான் வருவாங்க. கோணல் பல் கேட்டு வந்த முதல் ஆளு நீங்க. சரி, பல் தெரியச் சிரிக்கிற போட்டோ ஒண்ணு குடுங்க."

அங்கேதான் சிக்கல். அந்த ஏறின பல்லுக்குக் கூச்சப்பட்டு அவள் எந்தப் படத்திலும் வாயைத் திறந்ததில்லை. வீட்டு ஆல்பம் முழுக்க உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு முறைத்தாள். கடைசியில் அவளுடைய கைபேசியில் ஒரு வீடியோ அகப்பட்டது. ஜன்னலோரம் கைபேசியை நிறுத்தி, திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்கிறாள். நடுவில் அண்ணி ஏதோ சொல்ல, டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். ஒரே ஒரு கணம்.

அந்தக் கணத்தை அண்ணன் நிறுத்திப் படமாக எடுத்தான். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. டாக்டருக்குத் தொந்தரவாக எதுவும் இருக்கக் கூடாது என்று ஜன்னலை வெட்டினான், டிரம்பெட்டை வெட்டினான், கையை வெட்டினான். பல்லை மட்டும் பெரிதாக்கி அனுப்பினான். டாக்டர் திரையில் வரைந்து காட்டியபோது பீப்பிக்கும் சந்தோஷம். "ஆமா, இதேதான்! கண்ணாடியில பாக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

திருகு போடும் நாளில் அண்ணனை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மரத்துப்போக ஊசி. பிறகு அவள் பல்வரிசைக்கே அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் அச்சு ஒன்றை மாட்டினார்கள். அதிலுள்ள ஓட்டை வழியாகத்தான் துளைபோடுகிற பிட் இறங்க வேண்டும், சாய முடியாது. தண்ணீர் பீச்சிக்கொண்டே மெதுவாக ஓடியது இயந்திரம். நின்றது. மறுபடி ஓடியது, இந்த முறை சற்றுக் கனமான குரலில்.

"பிட் மாத்தறாங்க. சின்னதுலேர்ந்து பெருசுக்குப் போறாங்க" என்று பக்கத்தில் பல்வலியோடு உட்கார்ந்திருந்தவரிடம் விளக்கினான். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

வெளியே வந்த டாக்டரின் முகமே சொல்லிவிட்டது. "ரெண்டு திருகும் நல்லாப் பிடிச்சிருக்கு. இப்போ யாரும் அதைத் தொந்தரவு பண்ணக் கூடாது. எலும்பு பிடிக்கிற வரைக்கும் ஊதறது கிடையாது. சும்மா ஒரு சுரம்னு டிரம்பெட்ட எடுத்துட்டுப் போய் நிக்கக் கூடாது."

அந்த மாதங்களைப் பீப்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள் என்று சொல்லலாம், கடிக்கவும் அனுமதி இல்லை. ஊதாமல், விரல்களை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் வாசிப்பாள். சாப்பாட்டு மேஜை, பெயிண்ட் டப்பா மூடி, அண்ணியின் முதுகு என்று அகப்பட்டதிலெல்லாம் மூன்று விரல் தட்டிக்கொண்டிருக்கும்.

"வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல. இப்படியே இருந்துட்டா என்ன?" என்றாள் அண்ணி.

"கச்சேரிக்கு டிக்கெட் கேட்டு வருவீங்கல்ல அண்ணி, அப்போ பாத்துக்கிறேன்."

"பூங்காவுல டிக்கெட்டே கிடையாதுடி."

ஒரு வழியாக அந்த நாள் வந்தது. டாக்டர் திருகுகளைச் சோதித்துப் பார்த்து, எலும்பு கெட்டியாகப் பிடித்துவிட்டது என்றார். தற்காலிகப் பற்களைத் திருகில் முடுக்கினார். ஈறு அந்தப் பல்லைச் சுற்றி ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் நிரந்தரப் பல். பல்லின் நிறத்துக்கு வரிசையாக மாதிரிகளை நீட்டியபோது பீப்பிக்குக் குஷி தாங்கவில்லை. "எங்க கடை ஷேட் கார்டு மாதிரியே இருக்கு! வெள்ளைன்னா வெள்ளை இல்ல டாக்டர், ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு சாம்பல். இதோ, இது" என்று எடுத்துக் கொடுத்தாள். டாக்டரும் அதையேதான் எடுத்து வைத்திருந்தார்.

கண்ணாடியில் பார்த்தபோது மட்டும் அவள் ஒரு கணம் தயங்கினாள். "ஏதோ வேற மாதிரி இருக்கே."

"இத்தனை நாள் அந்த செட்டோட பாத்த முகமாச்சே" என்றான் அண்ணன். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

அன்று மாலையே ஒத்திகைக்கு ஓடினாள். அண்ணனும் பின்னாலேயே போய்க் கூடத்தின் கதவோரம் நின்றான். முதல் சுரம் வந்தது. கூடமே கைதட்டியது. உதடு பழகப் பழகக் கீழ்ச் சுரங்கள் எல்லாம் வந்தன. ஆனால் ஒத்திகை மாற்றி ஒத்திகை போனது, அந்த உச்சம் மட்டும் வரவில்லை. பாட்டு ஏறி, ஏறி, கடைசிப் படியில் கால் வைக்கும்போது சுரம் உடைந்து வெறும் காற்றாகப் போய்விடும். மறுபடி. மறுபடியும் காற்று. மாஸ்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தாளைப் புரட்டி அடுத்த பாட்டுக்குப் போனார். பூங்காவில் மேடைக்குக் கம்பு நட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் பீப்பி டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். "விடுண்ணா. பல்லு நல்லாத்தான் இருக்கு. நான்தான் போயிட்டேன்" என்றாள்.

அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கடை திறக்கும் முன்பே அவளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய் நின்றான்.

டாக்டர் பல்லைப் பார்த்தார், திருகைப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "பழைய மாதிரி ஊதறப்போ உதடு எப்படி உக்காரும்னு நான் பாத்ததே இல்லையே. ஏதாவது வீடியோ இருக்கா?"

பீப்பி அந்த ஜன்னலோர வீடியோவைப் போட்டு நீட்டினாள். டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "ஓ, நீங்க இடது கைக்காரங்களா?"

"இல்லையே."

"இடது கையிலதானே வாசிக்கிறீங்க?"

"டிரம்பெட்டுல அப்படியெல்லாம் கிடையாது டாக்டர். எல்லாரும் வலது கையிலதான் விரல் வைப்போம்."

"அப்போ இது என்ன?"

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அதில் பீப்பி இடது கையால் அமர்க்களமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் எழுத்தெல்லாம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கத்தியது பீப்பிதான். "அண்ணா! இது முன் கேமரா! எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும்!"

"அப்போ பல்லு..."

"ஏறின பல்லு இந்தப் பக்கம்ணா! நாம அந்தப் பக்கம் ஏத்தி வெச்சிருக்கோம்!" நாக்கால் புதுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அதான் கண்ணாடியில பாத்தப்போ வேற மாதிரி இருந்துச்சு. அதான் என் உதடு ஒவ்வொரு தடவையும் பள்ளத்துல போய் விழுது!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். படத்திலிருந்து அந்தக் கையை வெட்டி எறிந்தவன் அவன்தான். விட்டிருந்தால் டாக்டர் அன்றைக்கே கேட்டிருப்பார். "ரசமட்டம் வெச்சுப் பாக்காம ஒரு ஆணிகூட அடிக்காத ஆளு நான். டாக்டர், இப்போ அந்தத் திருகைப் பிடுங்கணுமா?"

"ஐயோ அண்ணா, திருகு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. மேல இருக்கிற பல்லோட வடிவம்தான் மாறணும். இதுக்குத்தானே முதல்ல தற்காலிகப் பல் போட்டுப் பாக்கிறது. வாசிச்சுப் பாத்து, சரியில்லைன்னா மாத்தத்தான்." டாக்டர் அதற்குள் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்துவிட்டார். "படத்தை அப்படியே திருப்பிப் போட்டு ரெண்டு பல் செய்யணும். ஆமா, சரியாத்தான் சொல்றேன். திருப்பிப் போட்டு."

புதுப் பற்கள் வந்தன. டாக்டர் பழையதைத் திருகிக் கழற்றிவிட்டு, புதியதை முடுக்கினார். பீப்பி நாக்கால் ஒரு தடவு தடவினாள். கண் விரிந்தது. "வந்துடுச்சு. என் மேடு வந்துடுச்சு."

"இங்கேயே வாசிச்சுப் பாருங்களேன்" என்றார் டாக்டர்.

"இங்கேயா? வெளிய ஆளுங்க இருக்காங்களே."

"அவங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

அண்ணன் பெட்டியைத் திறந்தான். அவள் எழுந்து நின்று, உதட்டை நனைத்து, டிரம்பெட்டை வாயில் வைத்தாள். கீழிருந்து தொடங்கியது. ஏறியது. ஒரு படி, இன்னொரு படி. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கடைசிப் படியில் காலை வைத்தாள். சுரம் நின்றது! உடையவில்லை, நடுங்கவில்லை. பளீரென்று, வாய் கொப்பளிக்க வைத்திருந்த கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் கூடச் சேர்ந்து ரீங்காரம் போட, அந்தச் சின்ன அறை முழுக்க நிரம்பி நின்றது. வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்காமலே அவர் வாய் முழுக்கத் திறந்திருந்தது.

பூங்கா கச்சேரியன்று அண்ணன் எல்லோருக்கும் முன்னால் போய் முன்வரிசையில் இடம் பிடித்தான். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். முதல் நாற்காலியிலிருந்து பீப்பி எழுந்தாள். தனியாக, மெல்ல, அந்தப் பாட்டு ஏற ஆரம்பித்தது. உச்சத்தில் போய் நின்றபோது பூங்காவே மூச்சு விடவில்லை. அவள் மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள், விட்டுக்கொண்டே இருந்தாள். மாஸ்டரின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. சிரித்தார் என்று அண்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான், அண்ணி நம்பவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் பக்கத்தில் இருந்தவர் பிரமித்துப்போய், "யாருங்க அந்தப் பொண்ணு?" என்றார்.

"என் தங்கச்சி!" என்றான் அண்ணன், அழுகையும் சிரிப்புமாக. அதற்குள் டிரம்பெட் வரிசை முழுவதும் எழுந்து நின்று அடுத்த பாட்டைத் தொடங்கியதில் அவள் மற்றவர்களோடு கலந்துவிட்டாள். "அதுல யாருங்க உங்க தங்கச்சி? காட்டுங்களேன்" என்று அவர் எட்டிப் பார்த்தார்.

"அதோ பாருங்க, வலது கையில வாசிக்கிறாளே, அவதான்!"

அவர் வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "எல்லாருமே வலது கையிலதானே வாசிக்கிறாங்க?"

"ஆமாங்க!" என்றான் அண்ணன், வாயெல்லாம் பல்லாக. "எல்லாருமே!"